நாய்க்கு வரும் பருவத் தினவு

வடகிழக்குப் பருவமழை பெய்து கார்த்திகை பிறக்கும் நாள்களில், பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் கரிசல் நிலங்களில் பருத்தி செழித்து நிற்கும். அதே நாள்களில் வீட்டுத் திண்ணையிலும் ஆட்டுப்பட்டியின் ஓரத்திலும் காவல் கிடக்கும் நாய், உறக்கமின்றி இரவெல்லாம் உடலைச் சொறிந்துகொண்டிருப்பதையும் காணலாம். “மழையோடு வந்தது, வெயிலோடு போகும்” என்று பெரியோர் கூறுவர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வெயில் வரும்வரை அந்நாய் படும் பாடும், அதற்குள் நாம் செய்துவிடும் தவறான வைத்தியமும் சிறியவை அல்ல.

தினவு என்பது நோயன்று, நோயின் அறிகுறி. ஆகவே, எதனால் வந்தது என்று கேட்பதே முதல் வேலை. அரியலூர்ப் பக்கத்தில் சிலர் சிமெண்டு ஆலைத் தூசியின்மேல் பழி போடுவர். தூசி தோலை உலர்த்தி உறுத்தக்கூடும்; மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆலைகள் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன; தினவோ பருவம் பார்த்து வருகிறது. பருவத்தோடு வருவதற்குப் பருவத்தோடு வரும் காரணத்தையே தேடவேண்டும்.

முதலில் ஐயுறத்தக்கது தெள்ளுப்பூச்சி. ஈரமும் மிதமான வெப்பமும் அதற்கு உகந்தவை. அது கடிக்கும்போது அதன் உமிழ்நீர் நாயின் தோலில் கலக்கிறது. அந்த உமிழ்நீரே சில நாய்களுக்கு ஒவ்வாது. அத்தகைய நாய்க்குச் சில கடிகளே போதும். பல நாள் சொறியும். வால் தொடங்கும் இடத்திலும் பின்தொடைகளிலும் மயிர் உதிர்ந்து புண்பட்டிருந்தால் இதனை நினைக்கவேண்டும். மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. நெருக்கமான பற்களையுடைய சீப்பினால் நாயின் முதுகை வாரி, உதிரும் கரும்பொடியை நனைந்த வெள்ளைத்தாளில் இடுங்கள். அப்பொடியைச் சுற்றிச் செந்நிறம் படர்ந்தால், அது மண்ணன்று. பூச்சி குடித்துக் கழித்த இரத்தம்.

பூச்சி நாயின்மேல் இருப்பினும் அதன் முட்டைகள் உதிர்ந்து, நாய் படுக்கும் சாக்கிலும் திண்ணைப் புழுதியிலும் கிடந்து வளர்கின்றன. உண்ணியும் இவ்வாறே, இரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிச் சுவரின் வெடிப்புகளில் முட்டையிடும். ஆதலின் நாய்க்கு மட்டும் மருந்திட்டுப் படுக்கையை விட்டுவிடுபவர் பாதி வேலையே செய்தவராவர். சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துதல், புழுதியைக் கூட்டி அகற்றுதல், சுவர் வெடிப்பைப் பூசுதல் ஆகிய மூன்றுக்கும் செலவு மிகுதியில்லை.

இரண்டாவது காரணம் மகரந்தம். ‘ஒவ்வாமை’ என்று நாம் வழங்கும் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆக்கித் தந்தவர் வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் பிர்க்கே. 1941-இல் அமெரிக்க மருத்துவர் விட்டிக், இலையுதிர் காலத்தில் ஒவ்வாமையால் துன்புற்ற ஒரு நாயைப் பற்றி எழுதினார். அந்நாட்டில் அப்பருவத்தில் பலரையும் வருத்தும் ராக்வீட் செடியும், மழைக்குப்பின் நம் சாலையோரங்களில் மண்டும் பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பார்த்தீனியம் மனிதரின் தோலைப் புண்ணாக்குவதை நாம் அறிவோம். மயிர் குறைந்த வயிற்றோடு அதனூடே புரண்டு வரும் நாயைப் பற்றியும் எண்ணவேண்டும். மகரந்தம் ஒவ்வாவிடின் மனிதர் தும்முவர். நாயோ பெரும்பாலும் பாதங்களை நக்கும், முகத்தைத் தரையில் தேய்க்கும், காதை உதறும். வெளியே சென்று வந்ததும் ஈரத்துணியால் பாதங்களையும் வயிற்றையும் துடைப்பது எளிய பரிகாரம். வாரம் ஒருமுறை, சூடில்லாத நீரில், நாய்களுக்கென்றே செய்யப்பட்ட ஷாம்பூவைத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவி, விரலிடுக்குகளை நன்கு துவட்டவேண்டும். நாயின் தோல் நம் தோலைவிடப் புளிப்புத்தன்மை குறைந்தது; எனவே நம் சோப்பு அதற்குப் பொருந்துவதில்லை. வேப்பெண்ணெயையும் தனியே அள்ளிப் பூசுதல் வேண்டா. சில நாய்களுக்குத் தோல் எரியும், நக்கினால் வாந்தி வரும்.

இனி, இப்பேச்சில் நான் முதன்மையாகக் கருதுவதற்கு வருகிறேன். நாய் சொறியும் பருவமும் பருத்திக்கு மருந்தடிக்கும் பருவமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பூச்சிமருந்துப் புட்டி வீட்டு மூலையிலேயே இருக்கிறது. “பருத்திப் பூச்சியைக் கொல்வது நாயின் பூச்சியையும் கொல்லுமே” என்று எண்ணி, அதை நீரில் கலந்து நாயின்மேல் ஊற்றிவிடுகின்றனர். பூச்சி சாவது உண்மைதான். ஆனால் நாய் தன் உடலை நக்கும் பிராணி. மேலே பூசியது சற்று நேரத்தில் வயிற்றுக்குள் சென்றுவிடும். சொறிந்து புண்ணான தோலின் வழியாகவும் நஞ்சு விரைந்து ஏறும். பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து வகைகள், நரம்பின் ஏவலை உரிய நேரத்தில் நிறுத்தும் நொதியைச் செயலறச் செய்கின்றன. நிறுத்துவாரின்றி ஏவல் தொடரும். எச்சில் வடியும், தசைகள் துடிக்கும், மூச்சு நின்றுபோகும். பூச்சி சாவதும் இம்முறையால்தான். நாய்க்கும் நமக்கும் அதே நொதிதான்.

அறியாமல் ஒருவர் ஊற்றிவிட்டார் என்றால், அறிகுறிக்காகக் காத்திராமல், கையுறை அணிந்து சோப்பும் நிறைந்த நீரும் கொண்டு உடனே கழுவி, நாயைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்லவேண்டும். புட்டியின் சீட்டையும் உடன் கொண்டுபோவது நன்று. எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் அட்ரோபின் முதலிய மாற்றுமருந்தைத் தயங்காமல் கொடுப்பார். மண்ணெண்ணெயும் வண்டியில் வடித்த பழைய எண்ணெயும் இதே விலக்குப் பட்டியலில் சேர்ந்தவை.

மருத்துவரிடம் இன்று நல்ல வழிகள் உள்ளன. தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் நாயின் எடைக்கேற்ற மாத்திரைகள் உண்டு. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு தினவை விரைவில் அடக்கும். ஆனால் நெடுநாள் கொடுத்தால் தாகமும் பசியும் மிகும், தொற்று எளிதில் பற்றும். முன்பு எழுதித் தந்த பழைய சீட்டைக் கொண்டு ஆண்டுதோறும் கடையில் வாங்கிக் கொடுப்பது அதனால்தான் தகாது. நாயோடு சேர்ந்து வீட்டாருக்கும் கையிலும் வயிற்றிலும் அரிப்புக் கண்டால், அது ஒவ்வாமையாக இல்லாமல் தொற்றுச் சொறியாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

உணவைப் பற்றி ஒரு சொல். பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்பெற்றது. நம் குழம்பில் அது இல்லாத நாள் அரிது. நாய்க்கோ வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பொருள். தினவால் மெலிந்த நாய்க்குக் குழம்புச் சோற்றை ஊற்றாமல், வெறுஞ்சோற்றோடு முட்டையோ இறைச்சியோ வேகவைத்துக் கொடுக்கலாம்.

மருந்தகத்தில் மருத்துவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவை: எந்த மாதம் தொடங்கியது, உடலின் எவ்விடத்தில் முதலில் சொறிந்தது, சென்ற ஆண்டும் வந்ததா, வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு உண்டா? வீட்டு நாள்காட்டியில் இவற்றை அன்றன்றே குறித்து வைக்கும் வேலையை வீட்டிலுள்ள மாணவர் ஏற்றுக்கொள்ளலாம். ஈராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், மூன்றாம் ஆண்டில் மழை தொடங்குமுன்பே சாக்கை அலசவும், திண்ணையைக் கூட்டவும், மருத்துவரிடம் செல்லவும் நாள் குறித்துவிடலாம்.