வாக்கியத்தின் பின்பாதி



புனைவியல் இயக்கம் பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தலைமையுரை நீண்டால் மதிய உணவு தள்ளிப்போகும். ஆகவே ஒரே ஒரு கருத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

புனைவியல் என்றால் உணர்ச்சிப் பெருக்கு. இப்படித்தான் நாம் படித்தோம், இப்படித்தான் பாடம் நடத்துகிறோம். சான்றுக்கு ஆங்கிலக் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்தை அழைப்போம். அவரும் கோல்ரிட்ஜும் 1798இல் பெயர் போடாமல் வெளியிட்ட ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பின் இரண்டாம் பதிப்புக்கு, 1800இல் அவர் எழுதிய முன்னுரையில் அந்தக் கருத்து இருப்பது உண்மைதான். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. நெடுநாள் ஆழ்ந்து சிந்தித்தவரிடமிருந்தே மதிக்கத்தக்க கவிதை பிறக்கும் என்று அது தொடர்கிறது. முன்பாதி வினாத்தாளுக்குப் போய்விட்டது. பின்பாதியை யாரும் சீண்டுவதில்லை.

அவருடைய டாஃபடில் மலர்க் கவிதையையே பாருங்கள். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைக் கண்டபோது தங்கை டோரதி உடன் இருந்தார். காற்று எப்படி அடித்தது, பூக்கள் எப்படிச் சாய்ந்தன என்பதையெல்லாம் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கவிதை அச்சேறியது 1807இல். அதில் இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்பதைக் கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கவிதைக்குள் அவர் தன்னந்தனியாக நடக்கிறார்! தங்கையைக் காணோம்.

ஓவியத்துக்கு வருவோம். 1816 ஜூலையில் ‘மெதூசா’ என்ற பிரெஞ்சுக் கப்பல் மொரித்தானியா கரையருகே மணல்திட்டில் தரைதட்டியது. பல ஆண்டுகளாகக் கடல் பக்கமே போகாத ஒருவரை, அரச விசுவாசி என்பதற்காகக் கப்பல் தலைவராக்கியிருந்தார்கள். படகுகளில் இடம் போதாமல் சுமார் 147 பேரை ஒரு கட்டுமரத் தெப்பத்தில் ஏற்றி, இழுவைக் கயிற்றையும் விட்டுவிட்டார்கள். 13 நாள் கழித்து உயிரோடு கிடைத்தவர்கள் 15 பேர். இதை வரையத் துணிந்த ஓவியர் ஜெரிக்கோவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பிழைத்து வந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். தெப்பத்துக்குச் சிறு மாதிரி செய்யவைத்தார். மருத்துவமனையிலிருந்து துண்டிக்கப்பட்ட கைகால்களைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, தசை நிறம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். சுமார் 16 அடி உயரமும் 23 அடி அகலமும் கொண்ட அந்தத் திரை 1819இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது.

இவ்வளவு விசாரித்தவர், பட்டினியால் வற்றிய உடல்களையா வரைந்தார்? இல்லை. அவர்கள் திரண்ட தோள்களோடு இருக்கிறார்கள். குவியலின் உச்சியில் துணியை வீசி உதவி கேட்பவர் ஒரு கறுப்பினத்தவர். அடிமை வணிகம் பற்றிய வாதம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம் அது. மீட்க வரும் கப்பலோ தொடுவானில் ஒரு புள்ளி. உண்மையை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டு, எதை மாற்றுவது என்று அவர் முடிவெடுத்திருக்கிறார். புனைவியலின் கற்பனை என்று நான் கருதுவது இந்த முடிவைத்தான்.

ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளும் இதே இனம். 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் மேகங்களை வரைந்து, தாளின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்தார்.

இனி நம் ஒப்பாய்வுகளுக்கு வருவோம். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் பெயரால் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் நம் பாரதி. அதனால் பாரதி–ஷெல்லி ஒப்பீடு இல்லாமல் நமக்குக் கருத்தரங்கு நடப்பதில்லை. நடக்கட்டும். ஆனால் இரண்டு வரிகளை அருகருகே வைத்து ‘ஒத்த சிந்தனை’ என்று முத்திரை குத்துவது ஆய்வாகாது. 1819இல் மான்செஸ்டரில் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்த செய்தி இத்தாலியிலிருந்த ஷெல்லிக்கு எட்டியது. உடனே எழுதிய நெடுங்கவிதை, அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1832இல்தான் அச்சாயிற்று. பதிப்பிப்பவர்கள் வழக்குக்கு அஞ்சிய காலம் அது. இந்த ஷெல்லியை நம் ஒப்பீடுகளில் நான் அரிதாகவே சந்திக்கிறேன்.

கட்டுரை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இயற்கை ஈடுபாடு’, ‘தனிமனித உணர்வு’ என்ற தலைப்புகளை இரண்டு நாளைக்கு ஒதுக்கிவையுங்கள். ஒரு படைப்பை எடுத்து, அதை ஆக்கியவர் எதைப் பார்த்தார், எதை விட்டார், எதை மாற்றினார் என்று சொல்லுங்கள். கேள்வி கேட்க நான் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.