விருந்தினரின் முதல் அடி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஜப்பானியரின் பண்பாட்டையும் அன்றாட வாழ்வையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் ஜப்பானுக்குச் சென்றவன் அல்லன். ஜப்பான்தான் நம் ஊர்ப்பக்கம் வந்தது. 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் நிசானும் ரெனோவும் கூட்டாகத் தொடங்கிய கார்த் தொழிற்சாலை, பின்னர் வல்லம் வடகாலில் யமஹா, இவற்றைச் சூழ உதிரிபாகங்கள் செய்து தரும் ஆலைகள் என நெல் விளைந்த நிலம் வேறொன்றாயிற்று. அத்தகைய சிற்றாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தேன். அங்கு வந்துபோன ஜப்பானியப் பொறியாளர்களிடம் கண்டவையும், அவர்களால் தூண்டப்பட்டுப் பின்னர்ப் படித்தவையுமே இவ்வுரை.

வீட்டிலிருந்து தொடங்குவோம். ஜப்பானியர் வீட்டைவிட்டுப் புறப்படும்போது 'இத்தேகிமாஸ்' என்கிறார்கள். அதன் பொருள் 'போய் வருகிறேன்' என்பதே. உள்ளிருப்பவர் 'போய் வாருங்கள்' என்று விடை தருகிறார். 'போகிறேன்' என்று மட்டும் சொல்லக் கூசும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். செருப்பை வாயிலிலேயே கழற்றுவது அங்கும் நியதி. சமைத்த சோற்றைக் குறிக்கும் 'கோஹான்' என்ற சொல்லே உணவு முழுவதையும் குறிக்கும். உண்ணுமுன் 'பணிந்து பெற்றுக்கொள்கிறேன்' என்னும் பொருளில் ஒரு சொல். உண்டு முடித்தபின் நன்றியாக ஒரு சொல். சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கமாட்டார்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு நிறுத்துவது வழக்கம். பிறர் பெயரோடு 'சான்' என்ற மதிப்புச் சொல்லைச் சேர்ப்பார்கள். தம் பெயரோடு ஒருபோதும் சேர்ப்பதில்லை.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு உறவு கொண்டாடத் தோன்றும். மொழியறிஞர் சுசுமு ஓனோ ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று நிறுவப் பல்லாண்டு முயன்றார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிடினும் குறையொன்றுமில்லை. அண்டை வீட்டாரைப் புரிந்துகொள்ள அவர் நம் பங்காளியாக இருக்கவேண்டும் என்பதில்லையே.

ஆலைக்குள் வருவோம். இங்குள்ள ஆலைச் சுவர்களில் 'ஐந்து எஸ்' என்று எழுதியிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வேண்டாததைப் பிரித்தெடுத்தல், உரிய இடத்தில் வைத்தல், துப்புரவாக்கல், அத்துப்புரவை நிலைநிறுத்தல், இவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளல் என்பன அவை. ஐந்தாவதான 'ஷித்ஸுகே' என்ற சொல் ஆலையில் பிறந்ததன்று. குழந்தையை நல்வழியில் வளர்ப்பதற்கு அங்கு வழங்கும் சொல் அது. ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். மதிய உணவைத் தம் தோழர்க்குத் தாமே பரிமாறுகிறார்கள். வீட்டிலும் பள்ளியிலும் விளைந்ததைச் சுவரில் எழுதிவிட்டால் விளைந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொண்டோம். எங்கள் ஆலையிலும் தணிக்கைக்கு முதல்நாள் சுவர் பளபளக்கும். மறுவாரம் பழைய கதைதான்.

எல்லாமே போற்றத்தக்கன என்றும் சொல்லமாட்டேன். அளவிறந்த வேலையால் நேரும் மரணத்துக்கென்றே 'கரோஷி' என ஒரு சொல்லை வைத்திருக்கவேண்டிய நிலையும் அந்நாட்டுக்கு நேர்ந்தது. இரவுப் பணி முடித்துப் பேருந்தில் தலைசாய்ந்து உறங்கிவரும் நம் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் அச்சொல் என் நினைவுக்கு வருகிறது.

இனி, கவிஞர்களாகிய உங்களுக்கு உரியதைச் சொல்கிறேன். பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். இன்று நாம் ஒவ்வொருவரும் ஹைக்கூ எழுதுகிறோம். மூன்று வரி என்பதை அறிவோம். அது எங்கே பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அது பிறந்தது நம்முடையதைப் போன்ற ஒரு வட்டத்தில்தான்.

பழங்கால ஜப்பானில் கவிஞர் பலர் கூடியமர்ந்து ஒருவர் பாடிய அடிகளுக்கு மற்றவர் அடி தொடுத்து நெடும்பாடல் புனைந்தனர். அதன் முதற்பகுதிக்கு 'ஹொக்கு' என்று பெயர். அதைப் பாடும் உரிமை பொதுவாக விருந்தினருக்கு. அடுத்த பகுதியைத் தொடுப்பது விருந்தளிப்பவர். விருந்தினர் அப்பொழுதையும் அவ்விடத்தையும் போற்றித் தொடங்கவேண்டும். ஆகவே அதில் பருவத்தைச் சுட்டும் ஒரு சொல் இடம்பெற்றது. அதுவே 'கிகோ' எனப்படும் பருவச் சொல். பாஷோவின் (1644–1694) காலத்தில் அந்த முதற்பகுதி தனிச்சிறப்புப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசவோகா ஷிகி அதைத் தனிப்பாடலாக நிலைநிறுத்தி ஹைக்கூ என்றழைத்தார். கடிதம் எழுதும்போது பருவத்தைக் குறிப்பிட்டுத் தொடங்கும் மரபும் ஜப்பானில் உண்டு. இரண்டும் ஒரே பண்பாட்டின் கிளைகளே. நண்பர்களே, பருவச் சொல்லை வெறும் இலக்கண விதியாகக் கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்தவர் சொல்லும் முதல் வணக்கம் அது.

இதை நான் உணர்ந்த நாள் ஒன்றுண்டு. ஒரு சித்திரை மாதத்து விடுமுறை நாளில், முதன்முறையாக இந்தியா வந்திருந்த முதிய பொறியாளர் ஒருவருக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைக் காட்ட அழைத்துச் சென்றேன். முழுக்கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 24 அடி, சென்னைக்குக் குடிநீர் தருவது, 2015 டிசம்பரில் இதன் உபரிநீர் அடையாற்றில் பெருகிச் சென்றது என்று புள்ளிவிவரங்களை அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பின்னர்க் குனிந்து, கரையோரம் உதிர்ந்து கிடந்த சிறு வெண்பூக்கள் சிலவற்றை உள்ளங்கையில் எடுத்து, "இது என்ன பூ? எப்போது பூக்கும்?" என்றார்.

வேப்பம்பூ என்றேன். புத்தாண்டு நாளில் பச்சடியில் சேர்ப்போம் என்றேன். "அப்படியானால் இது உங்கள் பருவச் சொல்" என்றார்.

நான் கவிதை எழுதுபவன் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிரவு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நான் ஒருபோதும் கண்டிராத செர்ரிப் பூ மூன்று கவிதைகளில் மலர்ந்திருந்தது. வேப்பம்பூ ஒன்றில்கூட இல்லை. விருந்தினர் நம் நிலத்தை வணங்கிவிட்டார். வீட்டுக்காரனாகிய என்னிடம் தொடுக்க அடி இல்லை.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பொழுதை வகுத்து, அதை நிலத்தோடு சேர்த்து முதற்பொருள் என்றது தொல்காப்பியம். ஜப்பானியர் தம் பருவச் சொற்களைத் தொகுத்து 'சைஜிகி' என்ற நூல்களாக வைத்துப் புதுக்கி வருகின்றனர். நம் பட்டியல் எங்கே? ஐப்பசியில் ஏரி நிரம்பும்போது எழும் மண் வாசம், நீர் வடிந்த வண்டலில் வந்திறங்கும் கொக்குகள், கோடையில் சாலையோரத்து நுங்கு ஆகியவற்றை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? நிலம் விரைந்து மாறிவரும் இப்பகுதியில், பொருள் மறைந்தால் சொல்லும் உடன் மறையும்.

ஆகவே பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். வட்டத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும், வந்திருக்கும் விருந்தினர் அன்று வழியில் கண்ட பருவச் சொல் ஒன்றைச் சொல்லித் தொடங்கட்டும். நாம் அதைக் குறிப்பேட்டில் பதிவோம். பத்தாண்டில் அது ஒரு நூலாகும்.

போய் வருகிறேன்.