வீரர் பணிப்பதிவும் விடுபட்ட பதக்கங்களும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போர்ப்பணி முடித்து வீடு திரும்பிய வீரர் ஒருவரது பணிப்பதிவில், அவர் ஈட்டிய பதக்கங்கள் இடம்பெறாது விடுபட்டிருப்பின், அப்பதிவைத் திருத்துமாறு யாது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனைக் கேட்ட அளவில், "பதக்கமாவது ஒரு சிறு வட்டுலோகமும் ஒரு சாண் நாடாவுமன்றோ? அதன்பொருட்டு இத்துணைப் பேச்சு வேண்டுமோ?" எனச் சிலர் வினவுதல் கூடும். அவ்வினாவிற்கு விடை நம் பழமரபிலேயே உளது.

பண்டு தமிழகத்தில் ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதிற் பெயரும் பீடும் பொறித்தல் வழக்கமாக இருந்தது. தொல்காப்பியம் இதனைப் புறத்திணையியலுள் வகுத்துக் கூறும். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அரசனது ஆட்சியாண்டும், நிகழ்ந்த பூசலும், பட்டானது பெயரும் பொறிக்கப்பட்டிருத்தலை இன்றுங் காணலாம். வெறுங்கல் நட்டு அமையாது எழுத்தும் பொறித்தது என்னையெனின், செய்தவன் இன்னான், செய்த செயல் இன்னது என்பன எழுத்தின்றி நிலையா என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தமையால் என்க. இக்காலத்து அரசுகள் காத்துவரும் பணிப்பதிவு, அந்நடுகல்லின் எழுத்தை ஒப்பது. எழுத்துப் பிழைபடின் கல்லும் பொய் கூறும்.

இப்பொருளை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடைமுறையை எடுத்துக்கொள்கின்றேன். பிழை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு திருத்தப்பெற்றது என்னும் இரண்டும் அந்நாட்டில் யாவரும் அறியத் தெளிவாக வெளிப்பட்டுள்ளமையே அதற்குக் காரணம்.

முதற்கண், பதக்கங்கள் விடுபடுதற்குரிய காரணங்களை நோக்குவோம்.

ஒன்று, விரைவு. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவில் முடிந்த 1945ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கத் தரைப்படையில் 80 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இருந்தனர். 1946ஆம் ஆண்டின் நடுவில் அவர் தொகை 20 இலட்சத்திற்குங் குறைந்தது. ஓராண்டுச் சிறுகாலத்தில் இத்துணைப்பேரை விடுவித்த எழுத்தர், ஒவ்வொருவர் வரலாற்றையும் ஆய்ந்தா எழுதியிருத்தல் கூடும்? வீடு செல்லும் ஆர்வத்தில் நின்ற இளைஞரும், தம் சான்றிதழில் யாது எழுதப்பட்டது என்பதை நோக்காமலே கையொப்பமிட்டுச் சென்றனர்.

இரண்டு, பதக்கம் பின்னர்த் தோன்றுதல். வீரர் விடைபெற்ற நாளில் இல்லாத பதக்கம் சில, பின்னாளில் ஏற்படுத்தப்பெற்று முன்னாளார்க்கும் உரியவாயின. போர்முனையில் நின்ற காலாட்படையினர்க்கு அளிக்கப்பெற்ற தனிச்சின்னத்தை இரண்டாம் உலகப்போரிற் பெற்றவர் யாவரும் 'பிரான்ஸ் ஸ்டார்' என்னும் வெண்கல விண்மீன் பதக்கத்திற்கு உரியர் என 1947ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பெற்றது. 1945இல் வீடு திரும்பியவரது சான்றிதழில் அஃது எங்ஙனம் இருத்தல் கூடும்? போர்க்கைதியாக இருந்து துயருற்றோர்க்குரிய பதக்கம் 1985ஆம் ஆண்டிற்றான் சட்டத்தால் ஏற்பட்டது. ஆயினும் அது 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாளுக்குப் பிற்பட்ட கைதியர்க்கெல்லாம் உரியதாக்கப்பெற்றது. உரியர் என்பதை அறியாமலே எத்துணையோ முதியோர் வாழ்ந்தனர். பலர் மாய்ந்தும் போயினர்.

மூன்று, வேற்றுமை நோக்கு. தோலின் நிறங்கண்டு தகுதியை மறைத்த கொடுமையும் அந்நாட்டிலே நிகழ்ந்ததுண்டு. அதற்கு ஹென்றி ஜான்சன் என்னும் வீரர் வரலாறே தக்க சான்றாகும்.

ஆல்பனி நகரத்துப் புகைவண்டி நிலையத்தில் சுமைதூக்கி வாழ்ந்த கருநிறத்தவராகிய ஜான்சன், 1917ஆம் ஆண்டில் படையிற் சேர்ந்தார். அவரது 369ஆம் காலாட்படை அணி பிரெஞ்சுப் படையுடன் சேர்த்து நிறுத்தப்பெற்றது. 1918ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இருள் நீங்குமுன், ஆர்கோன் காட்டின் அருகில் நீதம் ராபர்ட்ஸ் என்னும் தோழருடன் ஜான்சன் காவல் புரிந்துகொண்டிருந்தார். பன்னிருவருக்குக் குறையாத செருமானியர் அவர்மேற் பாய்ந்தனர். ராபர்ட்ஸ் படுகாயமுற்றார். பகைவர் அவரைக் கைதியாகத் தூக்கிச் செல்ல முற்பட்டபோது, தாமும் காயம்பட்டிருந்த ஜான்சன், துப்பாக்கி பயன்படாது போகவே, கத்தி ஒன்றையே துணைக்கொண்டு நேர்நின்று பொருது தோழரை மீட்டார். அவர் மெய்யில் 21 புண்கள் இருந்தன என்பர்.

பிரான்சு நாடு தன் உயர்ந்த போர்ப்பதக்கத்தைப் பொன்னிலையுடன் அவருக்குச் சூட்டியது. அவர் பிறந்த நாடோ யாதொரு பதக்கமும் அளித்திலது. அவரது விடைச்சான்றிதழிற் காயங்களைப்பற்றிய குறிப்பே எழுதப்படவில்லை. 21 புண்பட்ட உடலுக்கு, ஏட்டில் ஒரு புண்ணும் இல்லை! 1929ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கேண்மின். போரிற் காயமுற்றோர்க்குரிய 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் 1996இலும், அதனினும் உயர்ந்த சிறப்புப் பணிச் சிலுவை 2002இலும் அவர்க்கு வழங்கப்பெற்றன. இறுதியில் 2015ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள், அந்நாட்டின் தலைமைப் பதக்கமாகிய 'மெடல் ஆப் ஆனர்' அதிபர் ஒபாமாவால் அளிக்கப்பெற்றது. செயலுக்கும் சிறப்பிற்கும் இடையே 97 ஆண்டுகள் கழிந்தன! அன்று அதனைக் கைநீட்டிப் பெறுதற்கு அவர் உறவினர் ஒருவரும் இலர். நியூயார்க் மாநிலக் காவற்படை அலுவலர் ஒருவரே அவர்பொருட்டுப் பெற்றுக்கொண்டார். அவர் புதைக்கப்பெற்ற இடம் ஆர்லிங்டன் படைவீரர் இடுகாடு என்பதுகூட, ஏட்டில் அவர் பெயர் வில்லியம் ஹென்றி ஜான்சன் என நின்றமையால், நெடுங்காலம் அறியப்படாதிருந்தது.

இத்திருத்தம் எதனால் வந்தது? ஆரவாரத்தால் வந்ததன்று. படைத்தலைவர் பெர்ஷிங் என்பார் அப்போர் நிகழ்ந்த சின்னாளில் விடுத்த அறிக்கை போன்ற பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து, ஆயிரத்திற்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட விண்ணப்பத்தை 2011ஆம் ஆண்டில் முன்வைத்தமையால் வந்தது. ஏட்டிற் புகுந்த பிழையை மற்றோர் ஏடே நீக்கவல்லது.

நிற்க. ஏடே எரிந்துபோயின் யாது செய்வது? அதுவும் அங்கே நேர்ந்தது. மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகர்ப் பதிவகத்தில், 1973ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் பெருந்தீ மூண்டது. 1912 முதல் 1959 வரை விடைபெற்ற தரைப்படையினர் பதிவுகளில் நூற்றுக்கு 80 பங்கு அழிந்தது. வான்படையினர் பதிவுகளில் ஒரு பகுதியும் அவ்வாறே ஒழிந்தது. கோப்புகள் 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரை சாம்பலாயின, படிகளும் இல்லை. ஆயினும் அந்நாட்டார் கைசோர்ந்திலர். ஒவ்வோர் அணியும் நாடோறும் எழுதிய காலை அறிக்கை, இறுதிச் சம்பளச் சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு ஆகியவற்றைத் திரட்டி, எரிந்த ஏட்டை மீளக் கட்டுகின்றனர். வீரர் வீட்டுப் பெட்டியிலே கிடக்கும் பழஞ்சான்றிதழ் ஒன்று, அந்நிலையில் மாணிக்கம் போல்வதாம்.

இனித் திருத்துமுறையைக் கூறுவேன். முதலில், 180ஆம் எண் படிவத்தின் வாயிலாக அப்பதிவகத்தினின்றும் பணிப்பதிவின் படியைப் பெறல் வேண்டும். வீரர் இறந்திருப்பின் மறுமணஞ் செய்யாத மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோர் கேட்கலாம். விடைபெற்று 62 ஆண்டு கடந்த பதிவாயின் யாவரும் கேட்கலாம். படி கைக்கு வந்தபின், அதனை ஒவ்வொரு வரியாக நோக்கி, விடுபட்டது எவ்வகையது எனத் தெளிதல் வேண்டும். அது மூவகைப்படும்.

முதல்வகை, பணிபுரிந்த காலமும் களமும் பற்றித் தாமே உரியவாகும் பதக்கங்கள். ஏட்டிலுள்ள நாளும் அணியுமே இதற்குச் சான்றாதலின், அலுவலகத்தாரே ஆராய்ந்து திருத்துவர். விடைச்சான்றிதழாகிய டி.டி. 214 என்னும் படிவத்தை அழித்தெழுதாது, டி.டி. 215 என்னும் திருத்தச் சான்றை உடன்சேர்த்து அளிப்பர்.

இரண்டாம் வகை, முறைப்படி ஆணை பிறந்தும் சான்றிதழில் ஏறாது போனவை. இதற்கு அவ்வாணையின் படியைத் தேடிக் காட்டல் வேண்டும்.

மூன்றாம் வகை, செயல் நிகழ்ந்தும் எவரும் பரிந்துரையாது விட்டவை. இதுவே அரியது. செயலை நேரிற் கண்டார் சான்றும், அந்நாளைய மேலலுவலர் பரிந்துரையும் வேண்டப்படும். காலங்கடந்த பரிந்துரையைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வாயிலாகச் செலுத்துதற்கு அந்நாட்டுச் சட்டம் வழிவகுத்துள்ளது.

அலுவலகம் மறுத்தவிடத்து, 149ஆம் எண் படிவத்தால் படைப்பதிவுத் திருத்தக் குழுவிடம் முறையிடலாம். 1946ஆம் ஆண்டிற்கு முன்னர், ஒருவர் பதிவைத் திருத்தவும் சட்டமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற வேண்டியிருந்தது. எளியவர்க்கு அஃது எட்டாக்கனியாதலை உணர்ந்து, அவ்வாண்டுச் சட்டத்தால் இக்குழுக்களை அமைத்தனர். பிழையைக் கண்ட நாள் முதல் 3 ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். நீதியின்பொருட்டு அவ்வெல்லையைத் தளர்த்தும் உரிமையும் குழுவிற்கு உண்டு.

ஈண்டு ஒன்று கூறல் கடமை. ஏட்டில் உள்ளதே மெய்யெனக் கொண்டு தொடங்குதல் குழுவின் நெறி. பிழையெனக் காட்டும் பொறுப்பு விண்ணப்பித்தாரையே சாரும். ஆகவே, பாட்டனார் புகழைப் பெருக்கும் விருப்பால், வாய்மொழியாகக் கேட்டவற்றையெல்லாம் எழுதிவிடலாகாது. பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்லி ஊதியந்தேடுவாரை ஒறுத்தற்கு, அந்நாட்டில் 2013ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பெற்றது. விடுபட்ட உண்மையைச் சேர்ப்பதும், இல்லாத பெருமையை விலக்குவதும் ஒரே அறத்தின் இரு கூறுகள். வாய்மை பிறழுமாயின், உரியவர் பெற்ற பதக்கமும் ஐயத்திற்கு இடனாகும்.

அன்பர்களே! நம் குடும்பங்களிலும் படைப்பணி புரிந்தோர் உளர். அவர்தம் கைம்பெண்டிரும் உளர். நம் நாட்டு விதிகள் வேறு. ஆயினும் ஏட்டின் இயல்பு எந்நாட்டிற்கும் ஒன்றே. படையினின்று விலகும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே உளது என்பதை உங்கள் வீட்டில் எத்துணைபேர் அறிவர்? அதனைத் தேடியெடுத்துப் பெயர், பிறந்தநாள், மனைவி மக்கள் பெயர், பதக்கங்கள் என்பவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபார்மின். பெயரில் ஓரெழுத்து மாறினும் பின்னாளிற் குடும்ப ஓய்வூதியத்திற்கு இடையூறாதல் கூடும். பிழை காணின், அவ்வப் படைப்பிரிவின் பதிவகத்திற்கு எழுதுமின். மதராஸ் படைப்பிரிவிற்கு அது நீலகிரியிலுள்ள வெலிங்டனில் இருக்கின்றது. எழுதத் தெரியாதார், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடலாம். படித்த இளைஞர் அவர்க்குத் துணையாக உடன்செல்லுதல் வேண்டும். அதுவே நம் சங்கத்திற்கு ஏற்ற தொண்டு.

முதிய வீரர் உயிரோடிருக்கும்போதே அவரருகில் அமர்ந்து, பணிபுரிந்த அணி, களம், ஆண்டு, உடனிருந்தார் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைம்மின். ஜான்சனுக்கு உரிய சிறப்பு வந்தது உண்மையே. அதனைக் கண்ணாற் காண அவர் இலர். நம்மவர்க்கு உரியதனை அவர் கையிலேயே கொடுக்க முயல்வோமாக.