பாலைவனத்தில் ஓர் எலுமிச்சை மரம்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மாடித் தோட்டம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் மேடம்" என்று செயலாளர் கேட்டபோது தயங்கினேன். நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை. பி.காம். முடித்து, முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவள். கணக்கு தெரியும், மண் தெரியாது. ஆனாலும் என் மகள் வீட்டுத் தோட்டத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்திருக்கிறேன். அங்கே நான் செய்த ஒரு பெரிய தவறு உங்களுக்கு உபயோகப்படும் என்பதால்தான் இங்கே நிற்கிறேன்.

மகள் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில். அமெரிக்கா என்றதும் பனி, கோட்டு, குல்லாய் என்று நினைப்போம். இது சொனோரன் பாலைவனம். நம் சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அங்கே சராசரி 200 மில்லிமீட்டர்கூட இல்லை. அதுவும் குளிர்காலத்தில் கொஞ்சம், ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் என்று இரண்டு தவணையாக வரும்.

இரண்டு முறை போனோம். இரண்டாவது பேரக்குழந்தை பிறந்த சமயத்தில், 2022 செப்டம்பர் கடைசியில் போய் 2023 மார்ச்சில் திரும்பினோம். மகள் வேலைக்குத் திரும்பியபோது, அதே வருடம் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மறுபடியும். இடையில் ஏப்ரல், மே தவிர எல்லா மாதத்தையும் அந்தத் தோட்டத்தில் பார்த்துவிட்டேன்.

முதலில் எனக்குப் புரியாதது அங்கத்திய காலண்டர். வங்கிக்கு ஏப்ரலில் புது வருடம் பிறப்பதுபோல, அந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்கு அக்டோபரில் பிறக்கிறது. மற்ற ஊர்களில் செடிகள் தூங்கப் போகும் நேரத்தில் இங்கே விதைக்கிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு, ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டிக்கென்றே தனியாக விதைப்பு அட்டவணை வெளியிட்டிருக்கிறது. மகள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அதன்படி அக்டோபரில் கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, கேரட், பசலை எல்லாம் போட்டோம். தரையைத் தோண்டுவதற்குள் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. அங்கே மண்ணுக்கடியில் 'கலீச்சி' என்று சுண்ணாம்பு இறுகிப் பாறையான ஓர் அடுக்கு இருக்கும். கடப்பாரை போட்டால் 'டங்' என்று சத்தம்தான் வரும். கடைசியில் மரப்பலகை அடித்து, மேலே மண் நிரப்பிப் பாத்தி கட்டினோம்.

ஆனால் அந்தக் குளிர்காலக் கொத்தமல்லி இருக்கிறதே! முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. நான் தினமும் சட்னி அரைத்தேன், வீட்டில் அலுத்துக்கொண்டார்கள்.

கறிவேப்பிலைதான் இல்லை. ஊரிலிருந்து ஒரு கொத்துகூடக் கொண்டுபோகக் கூடாது என்று தடை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்குமாம். ஓர் இலைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று முணுமுணுத்தேன். பிறகு அவர்கள் பின்கட்டில் இருந்த எலுமிச்சை மரத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூத்த பேத்தி பிறந்த 2017-ல் வைத்த மரம் அது. வீட்டில் அதற்கு அவள் பெயர்தான்.

டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் உறைபனி விழும். சாயங்காலமே பழைய படுக்கை விரிப்பை எடுத்துச் செடிகளுக்குப் போர்த்த வேண்டும், காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் உதவாது, இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகும். நாங்கள் மறந்த ஒரு ராத்திரியில் முருங்கை மேலே முழுக்கப் பட்டுப்போனது. நான் அழாத குறை. மகளோ, "வேர் இருக்கும்மா, வெயில் வந்தா வரும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே மார்ச்சில் அடியிலிருந்து துளிர்த்தது.

பிப்ரவரி நடுவில் தக்காளி நாற்று நட்டோம். அங்கே தக்காளிக்கு அவசரம் ஜாஸ்தி. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ காயாகாமல் உதிர ஆரம்பித்துவிடும். அதனால் சூடு வருவதற்குள் காய்த்து முடிக்க வேண்டும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். எலுமிச்சை மரத்தின் அடிக்கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு பாவாடை மாதிரி விரிந்திருந்தன. அடியில் பெருக்க முடியவில்லை, பூச்சி பொட்டு இருக்குமே, குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே என்று எனக்கு உறுத்தல். ஊருக்குக் கிளம்பும் முன், மார்ச்சில், மாப்பிள்ளையிடம் சொல்லி இடுப்பு உயரத்துக்குக் கிளைகளைக் கழித்துவிட்டோம். அடிமரம் பளிச்சென்று தெரிந்தது. நம் ஊர் மாதிரி லட்சணமாக இருக்கிறது என்று படம்கூட எடுத்தேன்.

மே கடைசியில் திரும்பிப் போனபோது தக்காளி கூடை கூடையாக வந்துகொண்டிருந்தது, நானும் அந்தச் சந்தோஷத்தில் மரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை. பேத்திதான், "பாட்டி, மரத்துக்குக் காயம்" என்று கூட்டிப்போய்க் காட்டினாள். மேற்குப் பக்கப் பட்டை வறண்டு, நெடுக வெடித்திருந்தது. அந்தப் பாவாடைக் கிளைகள்தான் அதுவரை அடிமரத்துக்குக் குடை பிடித்திருக்கின்றன. வெயிலே படாத பட்டையை நான் பாலைவன வெயிலில் நிறுத்திவிட்டேன்.

பயந்துபோய் அடுத்த தவறையும் செய்தேன். தினமும் சாயங்காலம் அடிமரத்தை ஒட்டி ஒரு வாளி தண்ணீர் விட ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் இலை நுனியெல்லாம் தீய்ந்தது, மண்மேல் வெள்ளையாக உப்புப் படிந்தது. மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்புறம் வந்தது ஜூலை. 2023-ல் ஃபீனிக்ஸில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் பகலின் உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பழைய சாதனை 1974-ல் 18 நாள். ராத்திரி குறைந்தபட்ச வெப்பமே 32 டிகிரிக்கு மேல் இருந்தது, அதுவும் தொடர்ந்து 16 நாள். பாலைவனத்துக்கென்றே பிறந்த சகுவாரோ கள்ளிகள், நூறு வருடம் நின்றவை, சாய்ந்து விழுந்தன. அவற்றுக்கும் ராத்திரி கொஞ்சம் குளிர வேண்டுமாம். அந்த வருடம் கோடை மழையும் ஏமாற்றிவிட்டது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய மொத்தமே நான்கு மில்லிமீட்டர்தான். புழுதிப் புயல் மட்டும் தவறாமல் வந்தது.

பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு நான் வாளியோடு நிற்பதைப் பார்த்து, கையில் நீளமான இரும்புக் கம்பியோடு வந்தார். என் ஆங்கிலத்துக்கும் அவர் ஆங்கிலத்துக்கும் தூரம் அதிகம், இருந்தாலும் கம்பி பேசியது. நான் தண்ணீர் விட்ட இடத்தில் குத்தினார். நான்கு விரல்கடை இறங்கி நின்றுவிட்டது. ஈரமான மண்ணில் கம்பி சுலபமாக இறங்கும், காய்ந்த மண்ணில் நிற்கும். என் வாளித் தண்ணீர் அவ்வளவுதான் போயிருக்கிறது, மீதி ஆவி. அந்தத் தண்ணீரில் இயற்கையாகவே இருக்கும் உப்பு மட்டும் வேர்மேல் தங்கிவிட்டது. காய்கறிக்கு ஓர் அடி ஆழம், புதருக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி நனைய வேண்டும் என்று விரல் விட்டுக் காட்டினார். அடிமரத்தில் அல்ல, கிளை முடியும் வட்டத்தின் ஓரத்தில். கோடையில் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, மணிக்கணக்கில், சொட்டுச் சொட்டாக. குளிர்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும்.

எனக்கு உடனே விளங்கியது. நான் தினமும் சில்லறையாகப் போட்டுக்கொண்டிருந்தேன், கணக்கில் எதுவும் ஏறவில்லை.

அடிமரத்துக்குத் தண்ணீர் கலந்த வெள்ளை பெயிண்ட் அடித்தோம். மேற்கே 50 சதவீத நிழல் வலை கட்டினோம். தரையில் மரச்சில்லுகளை நான்கு அங்குலம் பரப்பினோம், அடிமரத்தைத் தொடாமல். அதற்குமேல் அந்தக் கோடையில் யாரும் எதுவும் செய்ய முடியாது. தக்காளியைப் பிடுங்கியாயிற்று. வெண்டையும் காராமணியும் மட்டும் சளைக்காமல் நின்றன.

அந்தப் பெரியவர் ஒரு கைப்பிடி 'டெப்பரி' பீன்ஸும் கொடுத்தார். அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான டோஹோனோ ஓதாம் மக்கள் கோடை மழையை நம்பி விதைக்கும் சின்னஞ்சிறு அவரை அது. தண்ணீர் அதிகம் விட்டால் இலையாக மட்டும் வளரும், காய்க்காது. அவர்களுக்கு வருடம் பிறப்பதே சகுவாரோ பழம் பறிக்கும் ஜூன், ஜூலையில்தான். நம் ஆடிப்பட்டம் பக்கத்தில்தான் வருகிறது என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, சிரித்தார்.

எலுமிச்சையின் மேற்குப் பாதி பிழைக்கவில்லை. அக்டோபரில் நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெரிய கிளையை அறுத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கிழக்குப் பக்கம் முழுக்கப் பூ. அடியில் ஒரு புதுக்கிளை தரையை நோக்கி வளைந்திருந்தது. "இதை வெட்டக் கூடாதுன்னு பாட்டிகிட்ட சொல்லு" என்று பேத்தியின் குரல் பதிவு.

நம் மொட்டை மாடிக்கு வருகிறேன். நமக்குக் கலீச்சியும் இல்லை, 43 டிகிரி மாதக்கணக்கில் நிற்பதும் இல்லை. ஆனால் மேற்குச் சுவரை ஒட்டிய பன்னிரண்டு தொட்டிகள் போன மே மாதம் ஏன் போயின என்று கமிட்டியில் கேட்டீர்கள். தினமும் இரண்டு வேளை மேலாகத் தெளித்தோம், லாரித் தண்ணீர் என்பதால் உப்பும் சேர்ந்தது. நான் ஒரு பழைய குடைக்கம்பியால் குத்திப் பார்த்தேன், பெரிய தொட்டிகளில் பாதி ஆழம்கூட நனையவில்லை. தண்ணீரை, தொட்டியின் அடித்துளை வழியே வெளியே வரும்வரை விட்டு, கம்பி நிற்கும்போது மட்டும் மறுபடி விடுவோம். சுவர்ச் சூடு படாமல் தொட்டிகளை மூன்றடி தள்ளி வைக்க வேண்டும். நிழல் வலைக்கு மாடியில் ஏற்கெனவே கொக்கி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் மேலே இருப்பேன். தொட்டி கனம், இரண்டு பேராவது வாருங்கள். கம்பி நான் கொண்டுவருகிறேன்.