மலைநகரின் காற்றும் மழையும்

வானிலை வேறு, காலநிலை வேறு. இன்று பிற்பகல் கட்டுகஸ்தோட்டையில் இடி முழங்குமா என்பது வானிலை பற்றிய வினா. ஐப்பசியில் அங்கே இடியுடன் மழை பெய்வது வழக்கமா என்பது காலநிலை பற்றிய வினா. முன்னதற்கு அன்றைய வானத்தை ஆராய்தல் வேண்டும். பின்னதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளின் பதிவுகள் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் கண்டி நகரில் தெளிவாகக் காணலாம்.

பூமியைப் போர்த்திருக்கும் உலர்ந்த காற்றில் 78 வீதம் நைதரசன். 21 வீதம் ஒட்சிசன். எஞ்சிய சிறு பகுதியில் ஆகனும் காபனீரொட்சைட்டும் பிறவும் அடங்கும். இவற்றோடு இடத்துக்கிடம் கூடியும் குறைந்தும் கலந்திருப்பது நீராவி. அளவிற் சிறிதாயினும் மேகத்துக்கும் மழைக்கும் மூலப்பொருள் அதுவே.

காற்றுக்கு எடையுண்டு. கடல் மட்டத்தில் அதன் அமுக்கம் சராசரியாக 1,013 மில்லிபார். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலோ அது 955 மில்லிபாரளவே. உயரம் ஏற ஏற வெப்பமும் குறைகின்றது. ஞாயிற்றின் கதிர்கள் பெரும்பாலும் நிலத்தையே முதலிற் சூடாக்குகின்றன. நிலம் காற்றைச் சூடாக்குகின்றது. சூடேறி மேலெழும் காற்று, அமுக்கம் குறைந்த இடத்தை அடைந்ததும் விரிந்து குளிர்கின்றது. சராசரியாக 1,000 மீற்றருக்கு 6.5 பாகை செல்சியசு குறையும் என்பர். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 பாகையை ஒட்டியிருக்க, கண்டியில் 24 பாகையளவும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகையளவும் நிலவுவதற்குக் காரணம் இதுவே.

இனி மழையைக் கவனிப்போம். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, அதாவது சோளகம், இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மோதுகின்றது. மேலேறிக் குளிர்ந்து வட்டவளைப் பகுதியிற் கொட்டித் தீர்க்கின்றது. அப்பால் உள்ள கண்டிக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. மலையைக் கடந்து கீழிறங்கும் அதே காற்று வறண்டு வெப்பமுற்று, மட்டக்களப்பிலே கச்சான் என்னும் பெயரோடு வீசுகின்றது. பருவக்காற்று மாறும் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் காற்று தளர்கின்றது. அக்காலத்தில் முற்பகல் வெயில் மலைச்சரிவுகளைச் சூடாக்க, ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமழையாகின்றது. பின்னர் வரும் வாடை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுக்கு மழையைத் தருகின்றது.

கண்டி ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. தெற்கே ஹந்தானை மலை நிற்கின்றது. மகாவலி கங்கை நகரை வளைத்து ஓடுகின்றது. தெளிந்த இரவுகளிற் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளினின்று வழிந்து பள்ளத்திலே தங்கிவிடும். அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமரும். காலைப் பனிமூட்டம் இவ்வாறு தோன்றுகின்றது. வாகனப் புகையும் அம்மூடியின் கீழ் அடைபட்டு, மக்களின் மூச்சிலே கலக்கின்றது.

மழை தரும் மலையே சில வேளை மனிதனுக்குப் பகையாகின்றது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி மாவட்டம் பேரிழப்புக்கு ஆளாயிற்று. மண்சரிவுகள் வீடுகளையும் உயிர்களையும் விழுங்கின. ஒரு புயல் வானிலைதான். ஆயினும் காலநிலை அதற்குப் புறம்பானதன்று. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. உலகம் சூடேறுகையிற் பெருமழையின் வேகமும் மிகுகின்றது.

நீரில் ஊறிய மண் பாரம் கூடிப் பிடிப்புத் தளரும். நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனத் தோன்றும் நீரூற்று, சடுதியிற் கலங்கும் ஓடை ஆகியன மலை தரும் முன்னறிவிப்புகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறவும் எச்சரிக்கின்றது. சரிவிலே வாழ்வோருக்கு இவ்வெண்கள் வெறும் புள்ளிவிபரம் அல்ல. மழை ஓயட்டும், பார்ப்போம் என்றிருப்பவருக்கு மலை தவணை கொடுப்பதில்லை. எச்சரிக்கை வந்ததும், இரவாயினும், பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே அறிவுடைமை.