மூச்சைக் காக்கும் பொறி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலையில் நெடுநேரம் பேசேன். நம் குருதியில் உலவும் ஒரு புரதத்தைப் பற்றி மட்டும் கூறி அமர்கிறேன். ஆல்பா-1 ஆன்ட்டிட்ரிப்சின் என்பது அதன் பெயர். பெயர் வாயில் எளிதில் நுழையாது. ஆயினும் அதன் தொண்டு நம் ஒவ்வொரு மூச்சிலும் உண்டு.

நுரையீரலுள் கிருமிகள் புகுந்தால் வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன. அவை ஏந்தி வரும் படைக்கலங்களுள் ஒன்று எலாஸ்டேஸ் என்னும் நொதி. புரதத்தை அறுக்கும் கத்தரி அது. கட்டின்றி விட்டால், நம் காற்றறைகளுக்கு நெகிழ்வு தரும் இழைகளையும் அறுத்துவிடும். அதனை அடக்குவதே இப்புரதத்தின் கடமை.

394 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை இது. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிக் குருதிவழியே நுரையீரலை அடைகிறது. மடிந்து நிற்கும் இம்மாலையில் ஒரு பகுதி மட்டும் வளையம்போல் வெளியே நீண்டிருக்கும். அதன் 358-ஆம் இடத்திலுள்ள மெத்தியோனினே இரை. நொதி அவ்விடத்தை அறுத்த கணமே வளையம் விசையோடு உள்ளே மடிகிறது. ஒட்டிக்கொண்ட நொதியை மறுகோடிக்கு இழுத்துச் சென்று உருக்குலைக்கிறது. எலிப்பொறியேதான்! ஆனால், ஒரே முறை பயன்படும் பொறி; எதிரியோடு தன்னையும் இழந்துவிடுகிறது.

1963-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் லாரெல், எரிக்சன் இருவரும் ஐந்து நோயாளரின் குருதியில் இப்புரதம் மிகக் குறைந்திருக்கக் கண்டனர். அவருள் மூவர்க்கு நுரையீரல் நோய் இருந்தது. இக்குறைக்கு முதன்மையான காரணம் 342-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்கு மாறாக லைசின் அமைவது எனப் பின்னர்த் தெளிந்தனர். அவ்வொரு மாற்றத்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கல்லீரலிலேயே தேங்குகின்றன. ஈரலுக்கும் கேடு, நுரையீரலுக்கும் காவல் இல்லை.

இப்பிறவிக்குறை ஐரோப்பிய வழியினரிடமே மிகுதி. எனவே நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டா. புகையிலைப் புகை அந்த மெத்தியோனினில் பிராணவாயுவை ஏற்றி, இரையை உருமாற்றிவிடுகிறது. பிறகு நொதி முன்போல் பொறியில் சிக்குவதில்லை. அதே புகை வெள்ளணுக்களையும் மிகுதியாக நுரையீரலுக்கு அழைக்கிறது. கத்தரிகள் பெருகக் காவல் குறைகிறது. சிதைந்த காற்றறைகளோ பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

என் தந்தையார் நாற்பதாண்டு சுருட்டுப் பிடித்தவர். கடைசி நாட்களில் திண்ணையிலிருந்து கிணற்றடிக்குச் செல்ல இருமுறை அமர்ந்து மூச்சு வாங்குவார். ஏன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று தெரிகிறது, சொல்லத்தான் அவர் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

தன்னை இழந்து நம்மைக் காக்கும் அக்காவலனை நாமே புகையூட்டி முடக்கலாமா? இன்று வீடு திரும்பியதும், சட்டைப்பையில் பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.