மெஷின் சரி, காத்து எந்த வழியா வரும்?

போன வாரம் எபிசோட் வரலை. நிறைய பேர் மெசேஜ்ல கேட்டிருந்தீங்க. உண்மையான காரணம், தேவதானத்துல எங்க வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னேன். அந்தக் கதைதான் இன்னிக்கு. வீடு கட்டப்போறவங்க, வீட்டுக்கு ஏசி போடப்போறவங்க முழுசா கேளுங்க.

தேவதானம் எங்க இருக்குன்னு கேட்டா, ராஜபாளையத்துலேர்ந்து தென்காசி ரோட்டுல சேத்தூர் தாண்டினதும் வரும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். எங்க பக்கம் பஞ்சபூதத்துக்கு அஞ்சு சிவன் கோயில் சொல்லுவாங்க. அதுல தென்மலை காத்து, தேவதானம் ஆகாயம். எங்க வீட்டுலயும் ஆகாயம் இருந்துச்சு, காத்துதான் வரலை.

போன வருஷம் மாடி எடுத்தோம். மூணு பெட்ரூம், ஒரு ஹால். தனித்தனி ஸ்ப்ளிட் ஏசின்னா சுவத்துல நாலு பெட்டி, வெளிய நாலு பெட்டி. அசிங்கமா இருக்கும், டக்ட் போட்ட ஏசியா போடலாம்னு அடம் பிடிச்சது நான்தான். அதாவது ஏர் ஹேண்ட்லர்னு ஒரே ஒரு பெட்டி. உள்ள ஒரு ஃபேன், ஒரு குளிர்ந்த காயில், ஒரு ஃபில்டர். அது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ஒளிஞ்சிருக்கும். அங்கேர்ந்து டக்ட் வழியா எல்லா ரூமுக்கும் குளிர்ந்த காத்து போகும். எங்களுது 3 டன் மெஷின். அண்ணனும் நானும் சேர்ந்து செலவு பண்ணினோம்.

மெஷின் எந்த பிராண்டு, எத்தனை ஸ்டார், கம்ப்ரெசருக்கு எத்தனை வருஷம் வாரன்ட்டி, இதெல்லாம் ஸ்ப்ரெட்ஷீட் போட்டுப் பாத்தேன். டக்ட்டைப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கலை. அது வெறும் குழாய்தானேன்னு நினைச்சேன்.

மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போனப்ப, ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சேன். அம்மா ஹால்ல பாய் போட்டுப் படுத்திருந்தாங்க. "ஏம்மா, உன் ரூம்ல படுக்கலையா?"ன்னு கேட்டேன். "அங்க புழுக்கமா இருக்குடா. இங்க பரவாயில்லை"ன்னாங்க. எத்தனை நாளான்னு கேட்டா, ரெண்டு மாசமா. ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு, "இவ்வளவு செலவு பண்ணியிருக்கீங்க, அதைப் போய் எப்படிடா குறை சொல்றது?"

மக்களே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரலை. யாருக்காகப் போட்டோமோ அவங்க தரையில படுத்திருக்காங்க.

மறுநாள் ஏசி போட்டவரைக் கூப்பிட்டோம். வந்து பாத்துட்டு, "மெஷின் பத்தலை, 4 டன்னா மாத்திடலாம்"னு சொன்னார். நானும் சரின்னு சொல்ல இருந்தேன். சர்வர் ஸ்லோவா இருந்தா பெரிய சர்வர் வாங்கிப் போடுற புத்தி நமக்கு. அப்பதான் எங்க மாமா வந்தார்.

மாமா ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஹெச் பிளான்ட்ல முப்பது வருஷம் வேலை பாத்தவர். ஹெச் பிளான்ட்னா ஹுமிடிஃபிகேஷன் பிளான்ட். பஞ்சு நூலாகும்போது காத்து வறண்டு போனா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும், பஞ்சு ஒட்டும். அதனால மில்லுக்குள்ள ஈரப்பதத்தை ஒரே அளவுல வெச்சிருக்கணும். பெரிய ஃபேன், தண்ணி தெளிக்கிற அறை, மேல டக்ட், காத்து திரும்பிப் போக தரைக்குக் கீழ பாதை.

இதுல ஒரு சுவாரஸ்யம். வில்லிஸ் கேரியர் 1902ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்கு ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துற சிஸ்டத்தை டிசைன் பண்ணினார். ஆனா 'ஏர் கண்டிஷனிங்'ங்கிற பேரை 1906ல வெச்சது ஸ்டூவர்ட் கிராமர்னு ஒரு அமெரிக்க டெக்ஸ்டைல் இன்ஜினியர். அதாவது ஏசிங்கிற பேரே நூல் மில்லுலேர்ந்து வந்தது. ராஜபாளையம் மில்ஸ் 1936ல ஆரம்பிச்ச ஊர்ல, ஏசி தெரிஞ்ச ஆளைத் தேடி நான் யூடியூப்ல அலைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

மாமா மெஷின் பக்கமே போகலை. "மருமகனே, அனிமோமீட்டர் கொண்டாந்திருக்கேன். முதல்ல கிரில்லுல எவ்வளவு காத்து வருதுன்னு பாப்போம்"னார். காத்து வேகத்தை அளக்குற சின்ன கருவி அது. அம்மா ரூம் கிரில்லோட பரப்பு முக்கால் சதுர அடி. வேகம் நிமிஷத்துக்கு 160 அடி. ரெண்டையும் பெருக்கினா 120 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 120 கன அடி காத்து.

எவ்வளவு வரணும்? பொதுவா 1 டன்னுக்கு 400 சிஎஃப்எம்னு கணக்கு. அப்ப 3 டன்னுக்கு 1200. அம்மா ரூமோட பங்கு சுமார் 300. பாதிகூட வரலை. "காத்தே வராத ரூமுக்கு இன்னும் 1 டன் போட்டு என்ன பண்றது? காத்தோட்டம் குறைஞ்சா காயில்ல ஐஸ்தான் கட்டும்"னார் மாமா.

அப்புறம் சீலிங்கைத் திறந்தோம். மூணு தப்பு கிடைச்சது.

ஒண்ணு, கடைசி ரூமுக்குப் போன ஃப்ளெக்ஸ் டக்ட். வேணுங்கிறதைவிட நீளமா விட்டு, மடிச்சு, பீமுக்கும் சீலிங்குக்கும் நடுவுல நசுக்கி வெச்சிருந்தாங்க. டக்ட்ல காத்துக்கு ஏற்படுற தடை, விட்டத்தோட ஐந்தாம் அடுக்குல மாறும். 10 இன்ச் டக்ட்டை 8 இன்ச் ஆக்கினா, அதே காத்தைத் தள்ள சுமார் 3 மடங்கு அழுத்தம் வேணும். காத்து சுலபமான வழியைத்தான் தேடும். ஹாலுக்குக் கொட்டுச்சு, அம்மா ரூமுக்குப் போகலை.

ரெண்டு, இணைப்புகள்ல லீக். மாமா ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்ட் பக்கமும் காட்டினார். புகை பறந்துச்சு. ஒட்டியிருந்தது சாதாரண துணி டேப், பாதி உரிஞ்சு தொங்குச்சு. 1998லயே அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் டெஸ்ட் பண்ணி, டக்ட் டேப் டக்ட்டுக்கே சரிப்படாதுன்னு சொல்லியிருக்கு. சாதாரண அமெரிக்க வீடுகள்ல டக்ட் காத்துல 20 முதல் 30 சதவீதம் லீக்ல வீணாகுதுன்னு அங்க கணக்கு சொல்றாங்க. நாம காசு கொடுத்துக் குளிரவெச்ச காத்து, சீலிங்குக்கு மேல இருக்கிற பல்லிக்குப் போகுது.

மூணாவதுதான் முக்கியம். திரும்பி வர்ற பாதை. ரிட்டர்ன் கிரில் ஹால்ல மட்டும்தான். அம்மா ராத்திரி கதவைச் சாத்தினா, உள்ள போன காத்து வெளிய வர வழியில்லை. ரூம்ல அழுத்தம் கூடி, புதுக் காத்து வர்றது இன்னும் குறையும். அந்தப் பக்கம் மெஷினுக்குக் காத்து பத்தாம, ஜன்னல் இடுக்கு வழியா வெளியில இருக்கிற சூடான காத்தை வீட்டுக்குள்ள இழுக்கும். "போற வழிய மட்டும் கட்டி, வர்ற வழிய மறந்துட்டீங்க. மில்லுல இப்படிப் பண்ணியிருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க"ன்னார்.

சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு. ஃப்ளெக்ஸை வெட்டி, விறைப்பா இழுத்து, பீமை விட்டு விலகி வேற வழியில கொண்டுபோனோம். ஜாயின்ட்ல சீலன்ட் பூசி, மேல அலுமினிய டேப் போட்டோம். இன்சுலேஷன் கிழிஞ்ச இடங்களை மூடினோம். இல்லைன்னா குளிர்ந்த டக்ட் வேர்த்து சீலிங்ல கறை விழும். பெட்ரூம் கதவுகளுக்கு மேல சுவத்தை வெட்டி ஒரு கிரில். மறுபடி அளந்தப்ப, அம்மா ரூம் கதவைச் சாத்தியே 285 சிஎஃப்எம். மெஷின் அதே 3 டன்தான்.

நீங்க கேக்கலாம், நாலு ஸ்ப்ளிட் போட்டிருந்தா இந்தத் தலைவலி இருந்திருக்காதேன்னு. நியாயம்தான். டக்ட்டை நல்லா போடுற ஆள் கிடைக்கலைன்னா ஸ்ப்ளிட்டே போடுங்க, அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. டக்ட்தான் போடுறீங்கன்னா, ஃபால்ஸ் சீலிங்கை மூடறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி கேளுங்க. எந்த ரூமுக்கு எத்தனை சிஎஃப்எம்? டக்ட் எங்க வளையுது, எங்க நசுங்குது? ஜாயின்ட்டை எதை வெச்சு அடைச்சீங்க? கதவைச் சாத்தினா காத்து எப்படித் திரும்பி வரும்? டிரெயின் பைப்புக்குச் சரிவு இருக்கா? பதிலை எழுதி வாங்குங்க. ஒவ்வொரு ரூமா அளந்து காட்டின பிறகு கடைசித் தவணையைக் கொடுங்க. சீலிங் மூடினா எல்லாமே அழகாத்தான் தெரியும். எங்க வீட்டுலயும் தெரிஞ்சது.

இன்னொண்ணு. நம்ம வீட்டுப் பெரியவங்க குறை சொல்ல மாட்டாங்க. நாம வாங்கிக் கொடுத்த பொருள் வேலை செய்யுதான்னு ஃபோன்ல கேட்டா, "நல்லா இருக்குப்பா"ன்னுதான் பதில் வரும். ஊருக்குப் போகும்போது ஒரு ராத்திரி அவங்க ரூம்ல படுத்துப் பாருங்க.

அம்மா இப்ப அவங்க ரூம்லதான் தூங்குறாங்க. போன வாரம் ஃபோன்ல ஒரு புகார் சொன்னாங்க. விடியற்காலையில ரொம்பக் குளிருதாம். சந்தோஷமா 26ல வெச்சுக்கோன்னு சொன்னேன்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.